மலை தெரியும் பக்கம்

என் கணவர் வளர வேண்டும் என்று முடிவெடுத்தது போன வருஷம் தை மாதம். அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது.

அவருக்குக் கண்டி டவுனில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. கம்பனிக்கு என்ன தோன்றியதோ, எல்லாரையும் இரண்டு நாள் ஒரு ஹோட்டலில் வைத்து, மூன்று வேளையும் நல்ல சாப்பாடு போட்டு, 'தனிமனித வளர்ச்சி' என்று ஒரு பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வரும்போது இவர் கையில் ஒரு கொப்பியும் ஒரு ஃபைகஸ் கன்றும் இருந்தன. கன்றை வீட்டில் வைத்து வளர்க்க வேண்டுமாம். வாரம் தவறாமல் கொப்பியில் எழுத வேண்டுமாம். ஆறு மாதம் கழித்து மனேஜரே வீடு வீடாக வந்து பார்ப்பாராம்.

"செடி வளந்துச்சுன்னா நாமளும் வளர்றோம்னு அர்த்தம்" என்றார்.

"வளரலன்னா?"

அந்தக் கேள்வி பயிற்சியில் வரவில்லை என்றார்.

ஒரு செடி போதாதென்று பேராதனை வீதியில் பூக்கன்று விற்கிறவனிடம் போய் இன்னும் நாலு வாங்கி வந்தார். இரண்டு குரோட்டன், ஒரு செவ்வரத்தை, ஒரு நந்தியாவட்டை. ஐந்து சாடிகளையும் பல்கனிக் கம்பியோரம் இடைவெளி இல்லாமல் வரிசையாக வைத்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இவர் வளர்க்கப் பார்ப்பது செடியை அல்ல, ஒரு சுவரை.

அதற்கு எங்கள் வீட்டின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அஸ்கிரியவில் தொடர்மாடி, மூன்றாம் தட்டு. வீடு பார்க்கப் போனது அடைமழைக் காலத்தில். பல்கனிக் கதவைத் திறந்தால் வெள்ளையாக முகில் மட்டும்தான் இருந்தது. "இது மலை தெரியும் பக்கம், எல்லாரும் இந்தப் பக்கத்துக்குத்தான் அடிபடுறாங்க" என்றான் புரோக்கர். இவரும் மலை தெரியும் பக்கம்தான் வேண்டும் என்று அடித்துப் பேசி வாங்கினார். எந்த மலை என்று மட்டும் கேட்கவில்லை.

குடி வந்து மூன்றாம் நாள் வெயில் வந்தது. இவர் தேத்தண்ணிக் கோப்பையோடு பல்கனிக்குப் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். நேர் எதிரே ஹந்தானை. மலை முழுக்கத் தேயிலை. தேயிலைக்கு நடுவே வெயில் பட்டு மின்னுகிற தகரக் கூரை வரிசை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற அந்த லயத்தில், நாலாவது காம்பராவில்தான் நான் பிறந்தேன். அதற்கு மேல் லயத்தில் இவர். ஊரை விட்டு இவ்வளவு தூரம் ஓடி வந்து, கடைசியில் ஊருக்கு எதிரே முன்வரிசையில் ஆசனம் பிடித்திருக்கிறார்.

தொடர்மாடியில் எங்களை யாருக்கும் தெரியாது. தோட்டத்து ஆட்கள் என்று தெரியாமலே இருக்கட்டும் என்றார். கே. ராஜரத்தினம் என்று கதவில் பெயர்ப்பலகை போட்டார். கே என்றால் என்ன என்று யாராவது கேட்டால் கதிரேசன் என்பார். இவரைப் பெற்ற கறுப்பையா மாமா அதைக் கேட்க உயிரோடு இல்லாதது நல்லது. ராக்கம்மாவாகிய நான் ரேகா ஆனேன். என் அப்பாவுக்கு மாத்தளையில் புடவைக்கடை இருந்தது என்றும் ஏற்பாடாயிற்று. இவரை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பாயிஸா அந்தக் கடையைப் பற்றி விசாரித்தபோது, வாசல் கிழக்குப் பார்த்தது என்றும் பக்கத்திலே ஒரு பேக்கரி என்றும் நான்தான் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன்.

இதில் அடிபட்டது ஒரே ஒருத்தி. என் தங்கை சந்திரிகா. அவள் இன்னும் அந்த நாலாவது காம்பராவில்தான் இருக்கிறாள், தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். நாங்கள் குடி வந்து இரண்டு வருஷமாகியும் அவள் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. டவுனுக்கு இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் முக்கால் மணி நேர வழி.

"அவ வந்தா வாயத் திறந்த உடனே எல்லாம் போச்சு. கொஞ்சம் பொறு. நாம கொஞ்சம் வளர்ந்துக்கிறோம். அப்புறம் கூப்பிடலாம்" என்பார் இவர்.

எவ்வளவு வளர்ந்தபிறகு என்று நானும் கேட்கவில்லை. தலையாட்டினேன்.

அவளும் நானும் பேசுவது போனில்தான். மலையில் கூவிப் பழகிய குரல், போனுக்கு வெளியிலும் கேட்கும். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நாலரைக்கு எடுப்பாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு பல்கனிக்குப் போவேன். அவள் லயத்துக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறி நின்று, இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைக் கழற்றி எங்கள் பக்கம் பார்த்து ஆட்டுவாள்.

"தெரியுதாக்கா?"

"தெரியுதுடி. நல்லாத் தெரியுது."

ஒன்றும் தெரியாது. அந்தத் தூரத்தில் ஒரு லயமே தீப்பெட்டி அளவுதான். சாக்கு எங்கே தெரியப் போகிறது? ஆனாலும் இரண்டு வருஷமாக ஒரு நாள் தவறாமல் தெரியுது என்றே சொல்லி வந்தேன்.

செடிகள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு மாதம் அவை ஒழுங்காக வளர்ந்தன. இவர் ஞாயிறு தோறும் அடிமட்டத்தோடு குந்தி அளந்து கொப்பியில் எழுதினார். 'இந்த வாரம் ஃபைகஸ் ஒன்றரை அங்குலம். என்னிடமும் தன்னம்பிக்கை கூடியிருக்கிறது' என்று. கூடிய தன்னம்பிக்கை எத்தனை அங்குலம் என்று எழுதவில்லை.

மூன்றாம் மாதம், ஐந்து செடிகளும் என் இடுப்பு உயரத்துக்கு வந்தன. அத்தோடு நின்றுவிட்டன. வாடவும் இல்லை, பழுக்கவும் இல்லை. பக்கவாட்டில் நெருங்கி நெருங்கி அடர்ந்தன. மேலே மட்டும் போக மாட்டேன் என்றன. ஒரு செடி என்றால் சரி, ஐந்தும் ஒரே மட்டத்தில் பேசி வைத்ததுபோல் நின்றன. அவற்றுக்கு மேலே ஹந்தானை முழுசாகத் தெரிந்தது.

இவர் மண்ணை மாற்றினார். உரம் போட்டார். சாடிகளைக் கற்களுக்கு மேல் ஏற்றிப் பார்த்தார், கல்லின் உயரம் கூடியதே தவிர செடி வளரவில்லை. காகம் கொத்துகிறது என்றார், பாயிஸாவின் பூனை மேய்கிறது என்றார். பூனை எதற்குக் குரோட்டன் தின்கிறது என்று கேட்டால் கோபம் வந்தது. கொப்பியில், 'நானும் செடியும் ஒரே இடத்தில் நிற்கிறோம். தடை எங்கே இருக்கிறது? உள்ளேயா, வெளியேயா?' என்று எழுதியிருந்தார். வாசித்தபோது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

தடை என் ஹவுஸ்கோட் பையில் இருந்தது.

அந்த வாரம் உடுப்புத் தோய்க்கப் பையைத் திருப்பினேன். வாடிய துளிர்கள் கொத்தாக விழுந்தன. ஃபைகஸ், குரோட்டன், செவ்வரத்தை, எல்லாம் கலந்து. ஒவ்வொன்றும் இரண்டு இலை, ஒரு மொட்டு. நகம் பட்ட கறுப்பு ஒன்றில்கூட இல்லை. நகம் பட்டால் கங்காணி ஏசுவார், விரலை மடக்கி ஒடிக்க வேண்டும். பதினாறு வயதிலிருந்து பதினொரு வருஷம் அப்படித்தான் ஒடித்தேன். வாய் போனில் பேசிக்கொண்டிருக்க, சும்மா இருந்த கை அதன் வேலையைப் பார்த்திருக்கிறது. இடுப்பு உயரத்துக்கு மேலே எது தலை நீட்டினாலும் எடுத்திருக்கிறது. ரேகா என்று பெயர் மாற்றியதை அந்தக் கைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

சிரித்துச் சிரித்துக் குளியலறையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு பயம் வந்தது. இவரிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து நாலரைக்குப் போன் பேசும்போது மற்றக் கையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டேன்.

செடிகள் பாய்ந்தன. மூன்றே வாரத்தில் நெஞ்சு உயரம், பிறகு கழுத்து உயரம். இவருக்குப் பிடிபடாத சந்தோஷம். விசில் அடித்துக்கொண்டு சவரம் செய்தார். 'மனத்தடை நீங்கியது' என்று கொப்பியில் எழுதி இரண்டு கோடு போட்டார். ஹந்தானை கொஞ்சம் கொஞ்சமாக இலைகளுக்குப் பின்னால் போனது.

ஒரு நாள் நாலரைக்குச் சந்திரிகா மூச்சு வாங்கக் கேட்டாள். "தெரியுதாக்கா?"

நான் எட்டிப் பார்த்தேன். முன்னால் ஒரே பச்சை இலை. மலையே இல்லை.

"தெரியுது" என்றேன்.

எப்போதும் சொல்கிற அதே பொய்தான். ஆனால் முன்பெல்லாம் அவள் தெரியாவிட்டாலும் அவள் இருக்கிற பக்கத்தைப் பார்த்துச் சொல்வேன். அன்றைக்கு இலையைப் பார்த்துச் சொன்னேன். 

போனை வைத்துவிட்டு, கோப்பையையும் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தொடங்கினேன். தெரிந்தேதான் செய்தேன். இளசை ஒடித்தேன், முற்றியதைக் கத்தியால் வெட்டினேன். மட்டம் பிசகக் கூடாதென்று விளக்குமாற்றுக் கம்பை மேலே கிடத்திப் பார்த்துச் சரி செய்தேன். கால் மணி நேரத்தில் ஐந்து செடியும் இடுப்பு உயரத்துக்கு வந்தன. ஹந்தானையும் திரும்பி வந்தது.

இவர் வந்து பார்த்தார். 

"என்னா இது?"

"கவ்வாத்து" என்றேன்.

அது எங்கள் தோட்டத்துச் சொல். தேயிலை மரமாகிவிடாமல் வெட்டிவிடுவதற்குப் பெயர். மலையில் பிறந்த எவருக்கும் அது தெரியும், டவுனில் பிறந்த எவரும் அதைச் சொல்ல மாட்டார்கள். இவர் முகம் வெளுத்தது. செடியைப் பற்றி ஏசப் போகிறார் என்று நினைத்தேன். இவர் ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசு! பாயிஸா வீட்டுக்குக் கேக்கும்."

அந்தச் சொல்லுக்குத்தான் பயம். செடி போனது இரண்டாவதாகத்தான் ஞாபகம் வந்தது. மனேஜர் வருவதற்கு ஒரு மாதம்தான் இருந்தது. அந்த ஒரு மாதமும் இவர் என்னோடு பேசவில்லை. நானும் நாலரைக்குக் கோப்பை பிடிக்கவில்லை.

மனேஜர் திருச்செல்வம் யாழ்ப்பாணத்து மனுஷர். நல்ல உயரம். செருப்பைக் கழற்றிவிட்டு, கதிரையில்கூட உட்காராமல், நேரே பல்கனிக்குப் போனார். என் கணவர் தண்டனைக்குப் போகிறவர் மாதிரிப் பின்னால் போனார். மனேஜர் ஃபைகஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இலைக்குள் கையை விட்டுப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"ராஜரத்தினம், இதுக்கு என்ன செய்தனீர்? நான் எல்லாற்றை வீட்டையும் போய்ப் பாத்திட்டு வாறன். எல்லாம் ஒரே தடியா மேலை போய்ச் சரிஞ்சு கிடக்குது. கயிறு கட்டி வைச்சிருக்கினம். என்ர வீட்டிலயும் அதே கதைதான். உம்மட செடி மட்டும் இப்பிடிச் செழிச்சு நிக்குது!"

என் கணவர் ஒரு நொடிதான் தடுமாறினார். மனுஷருக்கு வளர்ச்சி இல்லை என்று யார் சொன்னது?

"சுயகட்டுப்பாடு, சேர்" என்றார். "மேலோட்டமான வளர்ச்சிய நான் அனுமதிக்கல."

மனேஜர் அதைத் திரும்ப ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிடித்துப் போயிற்று. பிறகு என்னிடம் திரும்பி, "பிள்ளை, ஆருடைய கைப்பக்குவம் இது?" என்று கேட்டார்.

"என்னைவிட நல்லாச் செய்யிற ஒருத்தி ஹந்தானையில இருக்கா" என்றேன். தங்கச்சி என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அதை நான் விழுங்கினேன். இவர் சொல்லி அல்ல, நானாகவேதான்.

"நிபுணர், சேர்" என்று இவர் பாய்ந்து சொன்னார்.

"அப்ப வாற ஞாயிறு அவவைக் கூப்பிடுங்கோ. நான் என்ர செடியைக் கொண்டு வாறன்."

இப்படித்தான் இரண்டு வருஷம் கழித்து என் தங்கைக்கு எங்கள் வீட்டுக்கு அழைப்பு வந்தது.  போனில் சொன்னபோது அவள் மெல்லக் கேட்டாள்.

"நான் என்னான்னு சொல்லிக்கிட்டு வரணும்?"

"சும்மா வாடி."

"அங்க வச்சு உன்ன அக்கான்னு கூப்பிடலாமா?"

கூப்பிடு என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் பிடித்தது. அந்த ஒரு மூச்சு அவளுக்கும் கேட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தீபாவளிக்கு எடுத்த சேலை, தலையில் பூ, கையில் ஒரு பை நிறையப் பலாக்கொட்டை. இவர் கதவைத் திறந்து, உள்ளே மனேஜர் இருக்கிற தைரியத்திலோ பயத்திலோ, "வாங்க மேடம்" என்றார்.

"என்னா மச்சான், மேடங்கிறீங்க?" என்று அவள் சிரித்தாள். இவர் இருமினார்.

மனேஜரின் ஃபைகஸ் என் தலைக்கு மேலே நின்றது. ஒரு தடி, உச்சியில் எட்டு இலை. சந்திரிகா அதை மேலும் கீழும் பார்த்தாள். கையை நீட்டினாள். டக். உச்சி அவள் கையில் இருந்தது.

"ஐயோ!" என்றார் மனேஜர்.

"பயப்படாதீங்க சேர். தல போனாத்தான் பக்கத்துல வெடிக்கும். விட்டா இது மரமாகிப் போயிரும். மரமானா யாருக்குப் புண்ணியம்?"

மனேஜர் குனிந்து அவள் கையைப் பார்த்தார். "கத்தி கூட இல்லாமல்! நீங்கள் எங்கை வேலை செய்யிறியள், தங்கச்சி?"

நான் இரண்டு வருஷமாக விழுங்கிக்கொண்டிருந்த சொல்லை அந்த மனுஷர் பழக்கதோஷத்தில் சும்மா சொல்லிவிட்டார்.

"தோட்டத்துலதாங்க சேர். கொழுந்து எடுக்கிறேன்."

 எதையாவது சொல்லி மூடவேண்டும் என்று என் கணவர் வாயைத் திறந்தார். "கொழுந்து..." என்றார். நிபுணர் என்று முடிக்கத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். "கொழுந்து... கொழுந்து..."

எல்லாரும் இவரையே பார்த்தோம். சந்திரிகாவும் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"கொழுந்தியா, சேர்" என்றார்.

"ஆருக்கு?"

"எனக்கு. எனக்குத்தான்."

"அட, மிஸிஸின்ர தங்கச்சியோ? அதை முதலே சொல்லுறதுக்கென்ன?" என்ற மனேஜர், உடனே செடிப் பக்கம் திரும்பினார். "சரி பிள்ளை, இந்த அடிக்கிளையை விடுறதோ, வெட்டுறதோ?"

அவ்வளவுதான். கதிரேசன், புடவைக்கடை, கிழக்குப் பார்த்த வாசல், பேக்கரி, எல்லாம் அந்த அடிக்கிளைக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயின. நாள் முழுக்கக் குடையைச் சுமந்து திரிந்தும் மழையைக் காணாதவர் போல இவர் நின்றார். கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்திருக்கும்.

மனேஜர் போனார். பாயிஸா எட்டிப் பார்த்து, "ரேகா, இவதானே ஒங்கட தங்கச்சி? நாலரைக்குப் போன்ல வாற கொரல்! சுவரு மெல்லிசு, எல்லாம் கேக்கும்" என்றாள். "ராக்கு அக்காண்டு கூப்பிடுவா. ரேகாண்டு நீங்க சொன்னீங்க, சரிண்டு நானும் அப்பிடியே கூப்பிட்டேன்."

இவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு வருஷமாக யாருக்காக இந்த மனுஷர் கதவு சாத்தினார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். சந்திரிகா என்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை. அவள் பல்கனியில் நின்றிருந்தாள்.

"அக்கா, நம்ம லயம் எங்க?"

போய்க் காட்டினேன். நல்ல வெயில். தகரம் பளபளத்தது. அவள் கண்ணுக்கு மேலே கையை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"காலையில வரும்போது செவப்புச் சேலைய எடுத்து, நான் நிக்கிற பாறையில விரிச்சு நாலு பக்கமும் கல்லு வச்சிட்டு வந்தேன். இங்கேருந்து எப்பிடித் தெரியுதுன்னு பாக்கலாம்னு."

நானும் பார்த்தேன். பாறையே தெரியவில்லை.

"ஒண்ணும் தெரியலையேக்கா."

நான் ஒரு செவ்வரத்தை இலையைத் திருப்பிப் பார்த்தேன்.

"சேலையே தெரியல. அப்போ அந்தச் சாக்கு?" அவள் என் பக்கம் திரும்பினாள். "அப்போ நீ இவ்வளவு நாளா என்னத்தப் பாத்து தெரியுது தெரியுதுன்ன?"

 இவர் பொய் சொன்னது ஊருக்கு. நான் சொன்னது இவளுக்கு. மழையிலும் பனியிலும், காலையிலிருந்து மலையேறி இறங்கிய காலோடு அவள் அந்தப் பாறையில் ஏறியது அந்த ஒரு சொல்லை நம்பித்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. குனிந்து நந்தியாவட்டையில் நான் விட்டுப்போன ஒரு துளிரை ஒடித்தாள். நான் செவ்வரத்தைப் பக்கம் போனேன். ஐந்து சாடியும் முடியும்வரை இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தோம். ஐந்து மணிக்கு அவளைப் பஸ் ஏற்றிவிடக் கிளம்பினேன். வாசலில் இவர் வந்து நின்று, "அடுத்த ஞாயிறும் வா" என்றார். அவளும் பார்ப்போம் என்றாள்.

திங்கட்கிழமை நாலரை ஆயிற்று. போன் வரவில்லை. நாலே முக்கால் ஆயிற்று. எனக்குக் கை ஓடவில்லை. செடிக்குப் பக்கத்திலேயே போகவில்லை. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அடித்தது.

"இன்னைக்கு நிறுக்க நேரமாயிருச்சு" என்றாள். மேல்மூச்சு வாங்கியது. ஏறியிருக்கிறாள்.



"தெரியுதாக்கா?"

எதிரே ஹந்தானை முழுசாக இருந்தது. வரிசையாகத் தகரக் கூரை. அதற்கு மேலே பச்சை. பச்சைக்கு மேலே வானம்.

"இல்லடி" என்றேன். "தெரியல."

"சரி, இரு. நான் இன்னும் கொஞ்சம் மேல ஏறுறேன்."